கடைமடைக் கணக்கு

மருதம் நீரியல் ஆலோசனை நிலையம்,
காளவாசல், மதுரை.
12 ஜூன் 1985

ஸ்யாமளாவுக்கு,

சுப்பராமன் சார் சொன்னதால் எழுதுகிறேன். அலங்காநல்லூர்ப் பக்கத்துக் கிளைக் கால்வாயின் பதினொரு மடைகளுக்கான அட்டவணை எண்களை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு மடையை ஒரு பிடி திறந்தால் மற்ற ஒவ்வொரு மடையிலும் நீர்மட்டம் எவ்வளவு மாறும் என்பதுதான் அட்டவணை. உனக்குத் தெரிந்ததுதான். மில் கம்ப்யூட்டரில் நம் பழைய ஃபோர்ட்ரான் புரோகிராமிலிருந்து நேராக அச்செடுத்தவை. வரிக்கு எட்டு எண்கள். எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டேன்.

கிடைத்ததும் சாருக்கு ஒரு வரி எழுதவும்.

தங்கப்பொண்ணு


பெங்களூர்,
21 ஜூன் 1985

தங்கம்,

சாருக்கு ஒரு வரி எழுதியாயிற்று. உனக்கு ஒரு வரியில் எழுத எனக்கு வராது.

மூன்று வருஷம் ஒரே மேஜையில் உட்கார்ந்து கார்டு பஞ்ச் பண்ணினோம். சனிக்கிழமை மதியம் கார்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு மில்லுக்கு ஓடுவோம். ஒரு தடவை காளவாசல் பஸ் ஸ்டாப்பில் கட்டு சரிந்து விழுந்ததே, பூக்கார அம்மா பொறுக்கிக் கொடுத்துவிட்டு, "சினிமா டிக்கெட்டா பாப்பா, இம்புட்டு?" என்று கேட்டாளே. அவள்கூட உன் இந்தக் கடிதத்தைவிட அன்பாகப் பேசினாள்.

கோபம் எதனால் என்று தெரியாத மாதிரி நடிக்கப்போவதில்லை. ஜனவரியில் இந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். மார்ச்சில் சுப்பராமன் சார் இங்கே வந்தார். கால்வாய்ப் புரோகிராமை எங்கள் சின்னக் கம்ப்யூட்டருக்குப் பாஸ்கலில் புதிதாக எழுதித் தரலாம் என்றேன். காபி ஆறுவதற்குள் அவர் சரி என்றுவிட்டார். உன்னிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீ வேண்டாம் என்பாய், நான் விட்டுவிடுவேன். அதனால்தான் சொல்லவில்லை.

ஆனால் நீயும் யோசித்துப் பார். ஃபோர்ட்ரான் நமக்கெல்லாம் மூத்தது. முழுக்கப் பெரிய எழுத்து, யாரோ தூரத்திலிருந்து கத்துகிற மாதிரி. ஒரு எழுத்து ஒரு கட்டம் தள்ளிப் போனால் கார்டையே தூக்கி எறிய வேண்டும். பாஸ்கலில் எழுதினால் அது படிக்கிற மாதிரி இருக்கிறது. மெஷின் மேஜை மேலேயே உட்கார்ந்திருக்கும். எந்த மில்லையும் கெஞ்ச வேண்டாம். உனக்கும் சுலபமாகும் என்றுதான் நினைத்தேன். முழு உண்மை வேண்டுமென்றால், எனக்கும் நல்ல பெயர் கிடைக்கும் என்றும் நினைத்தேன்.

திட்டியாவது எழுது.

ஸ்யாமளா


ஆனையூர், மதுரை.
8 ஜூலை 1985

ஸ்யாமளா,

திட்டுவதற்காக எழுதவில்லை. நான் வேண்டாம் என்பேன் என்று நீயே முடிவு செய்து, என் பதிலையும் நீயே சொல்லிக்கொண்டாய். எனக்கு வருத்தம் அது ஒன்றுதான். ஒருவேளை நான் சரி என்றிருப்பேன். இனி அது நம் இருவருக்கும் தெரியப்போவதில்லை.

மொழி விஷயத்தில் நீ சொன்னது பாதி சரி. ஃபோர்ட்ரானில் ஒரு பெயர்ப் பட்டியலை அகரவரிசையில் அடுக்கச் சொன்னால் அது திணறும். ஒரு கடிதத்தை அழகாக அச்சடிக்க அதற்குத் தெரியாது. ஆனால் எண்களின் அட்டவணையைக் கையில் கொடுத்துத் தீர்த்து வை என்றால், வேறு பேச்சில்லாமல் உட்கார்ந்து தீர்க்கும். அதற்காகவே பிறந்த மொழி. இத்தனை வருஷத்தில் எத்தனையோ ஊர்க்காரர்கள் அதில் எழுதி, தப்பைக் கண்டுபிடித்து, திருத்தி, கைமாற்றி விட்டிருக்கிறார்கள். நான் எதையும் பழையதா புதியதா என்று கேட்டு வாசிப்பவள் இல்லை. நூலகத்தில் அட்டை கிழிந்த புத்தகங்களைத்தான் அதிகம் பேர் எடுத்திருப்பார்கள். நானும் அவற்றைத்தான் எடுப்பேன்.

மெஷின் வந்த பிறகு நான் எண்களை டைப் அடித்துக் கொடுத்தால் போதும் என்று சார் சொல்லிவிட்டார். மில்லில் நேரம் வாடகைக்கு எடுப்பதையும் இந்த மாதத்தோடு நிறுத்தியாயிற்று.

இன்னொன்றும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். போன வருஷம் நம் கணக்குப்படி முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். கால்வாயின் கடைசி மடைக்கு முதன்முறையாக அறுப்பு வரை தண்ணீர் வந்தது. அதைப் பார்த்துவிட்டு அப்பா இந்த வருஷம் கடைமடையில் இரண்டு ஏக்கர் குத்தகைக்குப் பிடித்திருக்கிறார். இதுவரை அவர் நட்டது, களையெடுத்தது, அறுத்தது எல்லாம் அடுத்தவர் வயலில் கூலிக்கு. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்றதற்கு, "தண்ணி வருமான்னு ஒன்னையக் கேக்கணுமாக்கும்? போன வருசம் வந்துச்சுல்ல. நீதான கணக்குப் போட்ட?" என்றார்.

உன் புதிய புரோகிராம் நன்றாக இருக்கட்டும். இதை வாழ்த்தாக எடுத்துக்கொள்ளாதே. எங்களுக்கு அது தேவை.

தங்கப்பொண்ணு


பெங்களூர்,
17 செப்டம்பர் 1985

தங்கம்,

மெஷினைப் பொருத்த நான் மதுரைக்கு வந்த இரண்டு நாளும் நீ விடுப்பு. தற்செயல் என்று சார் சொன்னார். நானும் நம்புகிற மாதிரி தலையாட்டினேன். உன் மேஜையில் ஒரு நூலகப் புத்தகம் கவிழ்ந்து கிடந்தது. எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு அப்படியே கவிழ்த்து வைத்தேன். மேற்குச் சுவரோரம் வெயில் படாத இடத்தில் மெஷினை வைக்கச் சொல்லியிருக்கிறேன். சார் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, திரையில் வேறு ஒரு பொட்டு வைத்துவிட்டார். நீதான் துடைக்க வேண்டும்.

புரோகிராம் நன்றாக ஓடுகிறது. நீ கவலைப்படுவாய் என்பதால் சோதித்த விதத்தையும் எழுதுகிறேன். ஆனையூர் குடிநீர்க் குழாய்களுக்கு நாம் முன்பு போட்ட கணக்கு இருந்ததல்லவா, அதே எண்களை என் புரோகிராமில் கொடுத்தேன். பழைய விடையும் புதிய விடையும் கடைசி இலக்கம் வரை ஒன்று. பிறகுதான் நீ அனுப்பிய கால்வாய் எண்களை ஏற்றினேன். நடவுக்குக் கால்வாயை முழுதாகத் திறந்துவிடுகிறார்கள், ஐப்பசியில் முறை வைக்கும்போது புதிய புரோகிராம் தரும் முறை அட்டவணைதான் என்றார் சார்.

உன் அப்பாவிடம் சொல். தண்ணீர் வரும்.

ஸ்யாமளா


ஆனையூர், மதுரை.
5 நவம்பர் 1985

ஸ்யாமளா,

தண்ணீர் வரவில்லை.

நடவு வரை குறையில்லை. முறை வைத்தது முதல் எட்டாம் மடையைத் தாண்டி ஈரம்கூட வருவதில்லை. கடைமடைக்கு முறை என்று தாளில் இருக்கிறது. ஆனால் மடையைத் திறக்க வேண்டிய அளவு என்னவோ அரை விரல்கடை. மழையும் இந்த வருஷம் ஏமாற்றிவிட்டது. நாற்று பச்சை பிடித்து நின்ற வயல் வெடிக்க ஆரம்பித்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். அப்பா வரப்பில் உட்கார்ந்திருந்தார்.

"ஏத்தா, அந்தக் கம்ப்யூட்டருக்கு நம்ம மேல என்ன கோவம்?"

"அதுக்கெல்லாம் கோவம் வராதுப்பா."

"வராதா? அப்ப எனக்குத்தேன் வருது."

சாரிடம் கேட்டேன். மழை இல்லாத வருஷம், மெஷின் என்ன செய்யும் என்றார். மேல்மடைக்காரர்கள் இந்த அட்டவணையை மிகவும் பாராட்டுகிறார்களாம். எனக்கு அங்கேதான் முதல் சந்தேகம் வந்தது.

என்னால் பழைய புரோகிராமை ஓட்டிப் பார்க்க முடியாது, மில் இல்லை. புதியதைத் திறந்து பார்க்கவோ நானாக எண் கொடுத்து ஓட்டவோ எனக்கு அனுமதி இல்லை. நீ ஒன்று செய். எல்லா மடைகளையும் மூடிவிட்டு முதல் மடையை மட்டும் திறந்ததாகக் கொடுத்து ஓட்டு. வேறு எதையும் மாற்றாதே. கடைசி மடையில் மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று எனக்கு எழுது. ஒரு எண் போதும்.

பயிர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ரொம்ப நாள் தாங்காது.

தங்கப்பொண்ணு


பெங்களூர்,
11 நவம்பர் 1985

தங்கம்,

நீ சொன்னபடியே செய்தேன். முதல் மடையை மட்டும் திறந்தேன். கடைசி மடையில் ஒன்றுமே இறங்கவில்லை. பிறகு நானாக இன்னொன்று செய்தேன். எல்லாவற்றையும் மூடிவிட்டுக் கடைசி மடையை மட்டும் திறந்தேன். முதல் மடையில் மட்டம் இறங்கியது.

என் புரோகிராமில் வாய்க்கால் மேட்டைப் பார்த்து ஓடுகிறது.

உன் அச்சுத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஃபோர்ட்ரான் அட்டவணையை நெடுக்காக அடுக்கும், ஒரு பத்தி மேலிருந்து கீழே முடிந்த பிறகுதான் அடுத்த பத்தி. நான் பாஸ்கலில் குறுக்காக, இடமிருந்து வலமாகப் படித்தேன். வரிக்கு எட்டு எண்ணாக ஒரே ஓட்டமாக வந்த தாளில் எது எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அட்டவணை முழுவதும் அப்படியே திரும்பிவிட்டது. மேல்மடை கீழ்மடையைக் காயவைக்கும் என்று உன் எண்கள் சொன்னதை, கீழ்மடை மேல்மடையைக் காயவைக்கும் என்று என் புரோகிராம் எடுத்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் கடைமடையை இறுக்கி மூடு, மேல்மடையைத் தாராளமாகத் திற, யாருக்கும் நஷ்டமில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

குழாய்க் கணக்கில் இது ஏன் தெரியவில்லை என்று கேட்பாய். இந்தக் குழாய் அந்தக் குழாயை எவ்வளவு பாதிக்குமோ, அதே அளவு அது இதைப் பாதிக்கும். அந்த அட்டவணையைத் திருப்பிப் போட்டாலும் அதே அட்டவணைதான். இந்தத் தப்பு வெளியே தெரியவே முடியாத இடமாகப் பார்த்துச் சோதித்திருக்கிறேன்.

மூன்று வருஷம் ஃபோர்ட்ரானில் எழுதியவளுக்கு இது தெரியாதா? தெரியும். நாம் ஒரே மேஜையில் இருந்திருந்தால் தாளை என் பக்கம் தள்ளும்போதே "நெடுக்காப் படி" என்று சொல்லியிருப்பாய். "தெரியும், போடீ" என்றிருப்பேன். அவ்வளவுதான் ஆகியிருக்கும்.

படிக்கிற வரிசையை உடனே மாற்றிவிட்டேன். அது சின்ன வேலை. ஆனால் இப்போது இன்னொன்று வந்து நிற்கிறது. ஏழாம் மடை மண்மேடிட்டுக் கிடக்கிறதே, அதன் எண் கிட்டத்தட்ட பூஜ்யம். அந்தத் துளி எண்ணால் வகுக்கும்போது என் கணக்கு தறிகெட்டுப் போகிறது. ஒன்பதாம் மடைக்குத் தண்ணீர் கழித்தல் குறியோடு வருகிறது. வாய்க்காலுக்கு வயல் தண்ணீர் கொடுக்க வேண்டுமாம். பழைய புரோகிராமில் சமன்பாடுகளைத் தீர்க்கும் பகுதி இருந்ததே, அது இந்த இடத்தில் ஏதோ செய்து தப்பித்துக்கொள்ளும். நாம் அதைத் திறந்து பார்த்ததே இல்லை. அதன் தாள்கள் உன்னிடம் இருக்கின்றனவா?

இன்னும் ஒன்று. நான் டிசம்பர் முடிய புரொபேஷனில் இருக்கிறேன். திருத்தியதைப் புதிய பதிப்பு என்று சொல்லி சாருக்கு அனுப்பிவிடலாம். அட்டவணை அடுத்த முறைக்குத் தானாக மாறிவிடும். எதற்காக என்று யாரும் கேட்கப்போவதில்லை. நீ என்ன நினைக்கிறாய்?

ஸ்யாமளா


ஆனையூர், மதுரை.
16 நவம்பர் 1985

ஸ்யாமளா,

தாள்கள் இருக்கின்றன. உங்கள் பட்டு அத்தை, பெங்களூரில் இருக்கும் தன் மகன் வீட்டுக்கு நாளை ரயிலேறுகிறார் என்று உன் அம்மா சொன்னார். அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். தீர்க்கும் பகுதி கடைசி ஆறு பக்கம். நாம் எழுதியதில்லை, கல்லூரியில் யாரிடமிருந்தோ கட்டாக வந்தது.

"நெடுக்காகப் படி" என்ற வரியை நான் எழுதவில்லை. ஜூனில் அந்தக் கடிதத்தை எழுதிய மனசுக்கு அது தோன்றவும் இல்லை. நம் பங்கு இருவருக்கும் தெரிகிறது, அதை விடுவோம்.

நீ கேட்டதற்கு வருகிறேன். யாரும் கேட்கப்போவதில்லை என்கிறாய். கேட்பார்கள். மேல்மடைக்குத் தண்ணீர் குறைந்த மறுநாளே கேட்பார்கள். இந்தத் தப்பு இத்தனை நாள் யாரையும் உறுத்தவில்லை. ஏனென்று யோசித்தேன். கடைமடை காய்வது யாருக்கும் புதிதில்லை. மெஷினும் அதையே சொன்னபோது, சரியாகத்தான் சொல்கிறது என்று எல்லோருக்கும் தோன்றிவிட்டது. சாருக்குத் தோன்றியது. சில நாள் எனக்கும் தோன்றியது. அப்பா ஆசைப்பட்டு ஏமாந்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

இப்போது அட்டவணையைக் காரணம் சொல்லாமல் மாற்றினால், சோணைமுத்து மகள் தன் அப்பன் வயலுக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டாள் என்பார்கள். நானே எழுந்து நின்று காரணம் சொன்னாலும் அதையேதான் சொல்வார்கள். அப்புறம் நம் கணக்கை இந்தக் கால்வாயில் யாரும் தொடமாட்டார்கள். பழைய பழக்கத்துக்கே போய்விடும். இந்த வருஷம் மட்டும் இல்லை, இனி எந்த வருஷமும் கடைமடைக்குத் தண்ணீர் வராது.

அதனால் நீ சொல்ல வேண்டும். எங்கே எப்படித் தப்பு நடந்தது என்று எழுதி, உன் கையெழுத்துப் போட்டு, சாருக்கும் உன் மேனேஜருக்கும் அனுப்ப வேண்டும். உனக்கு இந்த வேலை போகலாம். அது தெரிந்துதான் கேட்கிறேன். முன்பு நீ என் பதிலை நீயே சொல்லிக்கொண்டாய். நான் அப்படிச் செய்யமாட்டேன். நீ என்ன செய்வாய் என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது.

தங்கப்பொண்ணு


பெங்களூர்,
23 நவம்பர் 1985

தங்கம்,

பட்டு அத்தை என்னைக் கண்டதும் பிடித்துக்கொண்டாள். "தங்கம் குடுத்து விட்டிருக்கான்னு உங்கம்மா சொன்னா, ரயில் பூரா மடியிலேயே வச்சிண்டு வந்தேன். பிரிச்சா வெறும் காகிதம்!" அப்பளக் கட்டோடு சேர்த்து வைத்திருந்ததில் முதல் பக்கம் முழுக்க எண்ணெய். நல்லவேளை, கடைசி ஆறு பக்கம் தப்பித்தது.

எங்கள் அலமாரியில் ஃபோர்ட்ரானை இந்தச் சின்ன மெஷினுக்குப் புரியவைக்கும் கம்பைலர் ஒன்று உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. யாரும் கேட்கவில்லையாம். அந்த ஆறு பக்கத்தையும் ஒரு எழுத்து மாற்றாமல் டைப் அடித்தேன். மேலே 1966 என்று இருக்கிறது. எழுதியவர் பெயர் இல்லை, இரண்டு எழுத்து மட்டும். அவர் எந்த நாட்டில் உட்கார்ந்து எந்தப் பாலத்துக்காக எழுதினாரோ. மேஜை மேல் வைக்கிற கம்ப்யூட்டர் வரும் என்று கனவுகூடக் கண்டிருக்கமாட்டார். கம்பைலர் இரண்டே இடத்தில் முணுமுணுத்தது, படிக்கிற கட்டளையிலும் அச்சடிக்கிற கட்டளையிலும். அதைச் சரிசெய்ததும் ஓடியது. ஏழாம் மடை வந்தபோது அந்தத் துளி எண்ணால் வகுக்காமல் சமன்பாடுகளின் வரிசையை மாற்றிப் போட்டுக்கொண்டது, தெருவில் பள்ளத்தைக் கண்டு ஒதுங்கி நடக்கிற மாதிரி. போன வருஷத்து எண்களைக் கொடுத்தேன். போன வருஷத்து விடையே வந்தது. இந்த வருஷத்து விடையில் கடைமடைக்குத் தண்ணீர் இருக்கிறது.

இந்தப் பகுதியை நான் இனி பாஸ்கலில் எழுதப்போவதில்லை. என்னாலும் ஒருநாள் இவ்வளவு நன்றாக எழுத முடியலாம். ஆனால் இது இருபது வருஷமாக எத்தனை பேர் கையில் அடிபட்டு வந்திருக்கிறது, அந்த அடியை நான் எங்கே போய் வாங்குவது? திரையில் கேள்வி கேட்பதும் அழகாக அச்சடிப்பதும் என் பாஸ்கல் செய்யட்டும். கணக்கை இந்தப் பெரியவர் பார்த்துக்கொள்வார்.

கடிதம் எழுதிவிட்டேன். முதலில் "எங்கள் தரப்பில் நேர்ந்த தவறு" என்று அடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. அந்தத் தாளை உருவிவிட்டு "என் தவறு" என்று அடித்தேன். மேனேஜரிடம் அவருடைய பிரதியைக் கொடுத்தேன். வாடிக்கையாளரிடம் யாராவது இதையெல்லாம் எழுத்தில் ஒப்புக்கொள்வார்களா என்றார். அனுப்பியாயிற்று சார் என்றேன். அனுப்பவில்லை அப்போது. வெளியே வந்து முதல் வேலையாகத் தபால் பெட்டியில் போட்டேன். புரொபேஷனை இன்னும் ஆறு மாதம் நீட்டியிருக்கிறார்கள். போகவில்லை, நீண்டிருக்கிறது.

பயிர் எப்படி இருக்கிறது என்று உடனே எழுது.

ஸ்யாமளா


ஆனையூர், மதுரை.
9 டிசம்பர் 1985

ஸ்யாமளா,

உடனே எழுதாததற்குக் காரணம், பயிர் எப்படி என்று எனக்கே நேற்றுவரை தெரியாது.

உன் கடிதம் வந்த வாரமே ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். மேல்மடை, கடைமடை எல்லாப் பக்கத்து ஆட்களும் வந்திருந்தார்கள். "பெங்களூர்ல ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு" என்று சார் ஆரம்பித்தார். முதல் மடையில் வயல் வைத்திருக்கும் மலையாண்டி எழுந்தார்.

"என்ன சார், பயிரு கதிருக்குப் பொதி கட்டுற நேரத்துல வந்து தப்புங்கிறீக? இம்புட்டு நாளும் சரியாத்தான இருந்துச்சு?"

கடைமடைப் பக்கமிருந்து ஒச்சம்மாள் சும்மா இருக்கவில்லை. "ஒங்களுக்குச் சரியா இருந்துச்சுண்ணே. எங்க வயல்ல வந்து செருப்பில்லாம நடந்து பாருங்க. வெடிப்புக்குள்ள காலு போனா திரும்பி வராது."

சார் உன் கடிதத்தை என் கையில் கொடுத்துத் தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன். தவறு என்னுடையது, கால்வாயிலோ மழையிலோ மடைக்காரர்களிடமோ இல்லை என்று நீ எழுதிய இடத்தில் கூட்டம் கொஞ்சம் அமைதியானது. மலையாண்டி மட்டும் பக்கத்தில் இருந்தவர் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, எழுதினது ஒரு பொம்பளப் புள்ள. வாசிக்கிறது ஒரு பொம்பளப் புள்ள. வாசிக்கிற புள்ளையோட அப்பன் வயலு எங்க கெடக்கு? கடைமடைல. நம்மளையெல்லாம் கேணயன்னு நெனச்சுட்டாகளோ?"

எல்லோரும் சிரித்தார்கள். இதைத்தான் எதிர்பார்த்தேன் என்றாலும் கேட்டபோது முகம் சுட்டது. நான் யோசிக்காமல் ஒன்று சொல்லிவிட்டேன்.

"அண்ணே, எங்க அப்பா கடைசியாப் பாய்ச்சுவாரு. கடைமடைலயும் மத்த எல்லாரும் பாய்ச்சி முடிச்ச பெறகு. இந்தக் கணக்கு பொய்யின்னா, மொதல்ல சாகுறது எங்க பயிரு."

சிரிப்பு நின்றது. எல்லோரும் பின்வரிசையில் இருந்த அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கும் அப்போதுதான் தெரியும். என்னை முறைத்துவிட்டுச் சம்மதமாகத் தலையை ஆட்டினார். "அப்ப சரி, ஒரு முறை பாத்துருவோம்" என்று மலையாண்டி உட்கார்ந்தார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்குப் பாட்டுத்தான். "ஊரு பூராம் குடிச்சு, மிச்சத்துல என் பயிரு குடிக்கணுமாக்கும்? நல்லாப் படிக்க வச்சேன் ஒன்னைய. ஒரு வார்த்த கேக்கணும்னு தோணுச்சா?"

"நீ குத்தகைக்குப் பிடிக்கிறப்ப என்னையக் கேட்டியாப்பா?"

"இதுக்கொண்ணும் கொறச்சல் இல்ல" என்றார்.

புதிய அட்டவணைப்படி கடைமடைக்கு முறை வெள்ளிக்கிழமை தொடங்கியது. நான் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு வயலாகப் பாய்ந்துகொண்டு வந்தது. எண்ணைப் பார்த்தால் எங்களுக்கும் இருக்கிறது. வாய்க்காலைப் பார்த்தால் நம்பிக்கை வரவில்லை. கணக்குப் போட்டவளுக்கே வரவில்லை. ஒச்சம்மாள் தன் வயல் முடிந்ததும் வெட்டுவாயை மண் போட்டு அடைத்துவிட்டு, "சோணைமுத்துண்ணே, இனி ஒங்க பாடு" என்று மண்வெட்டியோடு நகர்ந்தார். முதலில் சருகும் நுரையும்தான் வந்தன. அப்பா அந்த நுரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அதன் பின்னால் தண்ணீர் வந்தது. மெதுவாகத்தான் வந்தது. ஆனால் நிற்கவில்லை. நேற்று மதியம் கடைசி வரப்பைத் தொட்டது.

மேட்டுப் பாத்தி போய்விட்டது. அது தண்ணீர் வருவதற்கு முன்பே போயிருந்தது. பிடுங்கிப் பார்த்தால் வேர் தூளாக உதிர்கிறது. மொத்தத்தில் கால்பங்கு இருக்கும். மற்றது தேறிவிடும் என்கிறார் அப்பா. அந்தப் பாத்தியின் ஓரத்தில் நின்று என்னிடம் கேட்டார்.

"இந்த நட்டத்த யாரு பேருல எழுத?"

"எங்க ரெண்டு பேரு பேருலயும் எழுதிக்கப்பா."

"ஒன் பேருலயும், அந்தப் பெங்களூர்ப் புள்ள பேருலயுமா?"

"ஆமா."

"தப்பு தன்னோடதுன்னு அந்தப் புள்ள கையெழுத்தே போட்டுக் குடுத்துருச்சுல்ல?"

"போட்டுக் குடுத்துருச்சு."

"அப்பச் சரி. தையில அறுப்பு. ரெண்டு பேரும் வந்து குனிங்க. அருவா நான் தாரேன்."

நாள் முடிவானதும் எழுதுகிறேன். லீவு கிடைக்காது என்று வேண்டுமானால் எழுது, நான் ஏதாவது யோசிக்கிறேன். அருவாள் பிடிக்கத் தெரியாது என்று மட்டும் எழுதாதே. எனக்கும் தெரியாது. அந்தப் பக்கம் அவர் என்னை விட்டதே இல்லை.

தங்கம்